பனை ஏறும் கருவியைத் தேடி விளையாட்டுச் சாமான் பகுதிக்குப் போனோம்: ஓர் ஆக்கவுரிமைத் தேடலின் நிகழ்வு ஆய்வு

வந்த விடயம்

கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தனில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஒரு மாசி மாதப் பிற்பகலில் எங்கள் நூலகத்துக்கு வந்தார். அங்கத்தவர் அட்டை இல்லை, புத்தகமும் தேவையில்லை. மேசைக்கு முன்னால் நின்றபடியே கைத்தொலைபேசியை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டினார். பனையொன்றைச் சுற்றி இரண்டு இரும்புச் சட்டங்கள். மேல் சட்டத்தில் ஒருவர் குந்தியிருக்கிறார், கீழ்ச் சட்டத்தில் அவருடைய கால்கள். எழும்புகிறார், இருக்கிறார், எழும்புகிறார், இருக்கிறார். ஒவ்வொரு தரமும் ஒரு முழம் மேலே போகிறார்.

"அக்கா, இதுக்குப் பேட்டன்ட் எடுக்கப் போறன். அதுக்கு முதல் வேற ஆரும் செய்திருக்கினமோ எண்டு பாக்க வேணுமாம். லைப்ரரியில பாக்கலாமோ?"

பார்க்கலாம் என்றேன். அதற்கு முன் நான் யாருக்கும் அப்படித் தேடிக் கொடுத்ததில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தத் தேடல் முதலில் எப்படிச் சறுக்கியது, பிறகு எப்படி வழிக்கு வந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். கச்சான் கோது உடைக்கும் மெஷினோடும் நெல் உலர்த்தியோடும் நாளைக்கு இன்னொருவர் வேறொரு நூலகத்து மேசைக்கு முன்னால் வந்து நிற்கத்தான் போகிறார்.

முதலில் ஒரு சொல் விளக்கம். பேட்டன்ட் என்பதை இலங்கையில் ஆக்கவுரிமை என்கிறோம். தமிழ்நாட்டில் காப்புரிமை என்பார்கள். அந்தச் சொல்லை இங்கே எழுதினால் புத்தகங்களுக்குரிய பதிப்புரிமையோடு போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ஊர்ப் பேச்சில் எல்லாம் பேட்டன்ட்தான். நானும் வசதிப்படி இரண்டையும் மாற்றி மாற்றித்தான் எழுதப்போகிறேன்.

கருவி

தம்பியின் மாமா பூநகரிப் பக்கம் சீவல் தொழில், அதாவது பனை ஏறிப் பாளை சீவிக் கள்ளிறக்கும் தொழில், செய்தவர். மரத்திலிருந்து விழுந்து இடுப்புப் போனவர். கருவி பிறந்த காரணம் அதுதான். சட்டம் பூட்டி மரத்தில் ஏறுவது ஒன்றும் புதிது இல்லை என்பது தம்பிக்கே தெரியும். கேரளத்துச் செம்பேரி ஜோசப் செய்த தென்னை ஏறும் கருவியை யூடியூப்பில் பார்த்துத்தான் அவர் தொடங்கினார். ஆனால் பனையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அடி பருத்தது, மேலே போகப் போக ஒடுங்கும். அடிமரத்துக்குச் சரியாகப் பூட்டிய கம்பி வளையம் நடுமரத்தில் தளர்ந்து, சட்டம் முன்பக்கம் சரியும். ஏறுகிறவர் அந்தரத்தில் நின்று வளையத்தைக் கழற்றி ஒரு துவாரம் உள்ளே தள்ளிப் பூட்ட வேண்டும். வீடியோவில் பார்க்கச் சின்ன வேலை. 30 அடி உயரத்தில் ஒரு கையால் செய்து பார்த்தால்தான் தெரியும்.

லொறியில் சாமான் கட்டும் பெல்ட்டின் ரச்செட் (ஒரு பக்கம் மட்டும் திரும்பும் பற்சக்கரம்) ஒன்றையும் மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங் ஒன்றையும் சேர்த்து, எழும்புகிற ஒவ்வொரு தரமும் வளையம் தானாகவே இறுகும்படி தம்பி செய்திருந்தார். தன்னுடையது என்று அவர் சொல்ல விரும்பியது இந்த ஒரு பாகத்தைத்தான். இதை நான் அன்றைக்கே கேட்டு எழுதியிருக்க வேண்டும். கேட்கவில்லை. பனை ஏறும் மெஷின் என்று கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு தேடப் புறப்பட்டேன்.

முதல் நாள் பிழை

கூகுள் பேட்டன்ட்ஸைத் திறந்து பனை, மரம், ஏறுதல் என்ற மூன்றையும் ஆங்கிலத்தில் அடித்தேன். பனைக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல் உண்டு, கடைசியில் எச் சேர்த்தும் சேர்க்காமலும். நாங்கள் இலங்கையில் எச் சேர்ப்போம், உலகத்தில் பெரும்பாலோர் சேர்ப்பதில்லை. நான் எங்கள் வழக்கப்படி அடித்தேன். சில ஆவணங்கள் வந்தன. பனஞ்சீனி, தும்பு, ஏதோ ஒரு பூச்சு மருந்து. ஏறும் கருவி எதுவும் கண்ணில் படவில்லை. சரி, பொதுவாகப் பார்ப்போம் என்று 'பாம் கிளைம்பிங்' என்று போட்டேன். பாம் என்பது பனை தென்னை இனத்துக்கும் பெயர், உள்ளங்கைக்கும் பெயர். மலை ஏறுகிறவர்களின் கையுறைகள் வரிசையாக வந்து நின்றன. அடிமரத்துக்கு 'ட்ரங்க்' என்று போட்டால் அமெரிக்கர்களின் கார் டிக்கி.

அரை மணித்தியாலம் தேடிவிட்டு, "ஒண்டும் இல்லைத் தம்பி" என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்து போனார். பட்டறையில் நாலு பேருக்குச் சொல்லியிருப்பார். எனக்கு அன்று இரவு நித்திரை சரியாக வரவில்லை. உலகத்தில் இத்தனை நாடுகளில் தென்னையும் பனையும் மின்கம்பமும் இருக்க, அவற்றில் ஏறுவதற்கு ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை என்று ஒரு நூலகர் அரை மணித்தியாலத்தில் முடிவு சொல்லலாமா? அலுமாரியில் புத்தகம் இல்லை என்பதற்கும் நான் தேடிய தட்டில் இல்லை என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை 20 வருடமாக வாசகர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறவள் நான்.

ஏன் கிடைக்கவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. பேட்டன்ட் எழுதுகிறவர்கள் பொருளின் சந்தைப் பெயரை எழுத விரும்புவதில்லை. பனை என்று எழுதினால் உரிமை பனையோடு நின்றுவிடும் என்ற பயம். 'நிலைக்குத்தாக நிற்கும் நீண்ட தண்டுப் பொருள்' என்று எழுதினால் பனை, தென்னை, மின்கம்பம், கொடிக்கம்பம் எல்லாமே உள்ளே வந்துவிடும். மரம் என்ற சொல்லே இல்லாமல் மரம் ஏறும் கருவியை விவரிக்கிற ஆவணங்கள் உண்டு. தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடுகிறவர் இவற்றை ஒருநாளும் காணமாட்டார்.

விளையாட்டுச் சாமான் பகுதி

நூலகத்தில் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்க உதவும் டூயி எண் என்ன வேலை செய்கிறதோ அதைத்தான் பேட்டன்ட் உலகத்தில் வகுப்பெண் செய்கிறது. 1971இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஒப்புக்கொண்ட சர்வதேச வகுப்பாக்கம் ஒன்று இருக்கிறது. அதையே இன்னும் நுணுக்கமாகப் பிரித்து ஐரோப்பிய அலுவலகமும் அமெரிக்க அலுவலகமும் சேர்ந்து 2013 முதல் பயன்படுத்தும் கூட்டு வகுப்பாக்கம் இன்னொன்று. ஏ முதல் எச் வரை எட்டுப் பெரும் பிரிவுகள், அவற்றுக்குள் கிளை, கிளைக்குள் கிளை. ஆவணம் சீன மொழியில் இருந்தாலும் ஜெர்மன் மொழியில் இருந்தாலும் எண் ஒன்றுதான். தமிழில் தேட வசதியில்லாத இந்தத் துறையில் அந்த எண்கள்தான் எங்களுக்கு உதவியாக வந்தன.

ஆனால் எந்த எண்? இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஓரளவுக்குக் கிட்ட வருகிற ஒரே ஒரு ஆவணத்தைப் பிடித்தால் போதும். தம்பி இரண்டாம் முறை வந்த அன்று, பனையை விட்டுவிட்டுத் தென்னை என்று போட்டோம். இந்தியாவிலிருந்து ஏறும் கருவி ஒன்று வந்தது. அதன் முதற்பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் 51 என்ற சிறு எண்ணுக்குப் பக்கத்தில் வகுப்பெண் இருந்தது: ஏ63பி 27/00.

அந்தச் சிறு எண்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எந்த நாட்டு ஆவணமானாலும் 54 என்றால் தலைப்பு, 72 என்றால் கண்டுபிடித்தவர், 22 என்றால் விண்ணப்பித்த தேதி, 56 என்றால் மேற்கோள் காட்டிய முந்திய ஆவணங்கள், 57 என்றால் சுருக்கம். ஜப்பானிய ஆவணத்தில் ஒரு எழுத்தும் விளங்காவிட்டாலும் இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு தேதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஏ63பி என்றால் என்ன என்று விரித்துப் பார்த்தோம். உடற்பயிற்சி, ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல், ஏறுதல், வாள்வீச்சு, பந்து விளையாட்டு. அதற்குள் 27/00 என்பது கம்பம், மரம் முதலியவற்றில் ஏறும் சாதனங்கள். தம்பி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்கட மாமா என்ன, விளையாடவோ ஏறினவர்?" என்றார்.

அந்த எண்ணைப் போட்டுத் திறந்தவுடன் பெட்டகம் திறந்தது போல ஆயிற்று. காலில் கட்டும் முள், இடுப்பில் கட்டும் பெல்ட், மின்கம்பத் தொழிலாளர்களின் வளையம், தென்னைச் சட்டம், 1800களின் கைவரைபடங்கள் வரை. முதல் நாள் நான் ஒன்றும் இல்லை என்று சொன்ன அதே தளத்தில்தான் இத்தனையும் இருந்தன.

ஒரு வகுப்போடு நின்றால் போதாது என்பதை அந்த ஆவணங்களே சொல்லிக்கொடுத்தன. பல ஆவணங்களில் 51க்குப் பக்கத்தில் இரண்டு மூன்று எண்கள் இருக்கும், இரண்டாவதைப் பின்தொடர்ந்தால் அடுத்த தெரு. அப்படிப் போனபோது பி62டி 57/024இல் மரம் ஏறும் ரோபோக்கள் அகப்பட்டன. செங்குத்துப் பரப்பில் ஓடும் வாகனங்களாம், பெரும்பாலும் சீன ஆவணங்கள். ஏ62பி 35இல் பாதுகாப்புப் பெல்ட்டுகள் இருந்தன. சீவலுக்கே ஒரு இடம் இருக்கிறது, ஏ01ஜி 23/10: மரங்களிலிருந்து பால் வடித்தல். றப்பரை மனதில் வைத்து அமைத்தது, ஆனால் கள்ளும் பதநீரும் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். அப்புறம் ஏ01எம் 31/02. அங்கேதான் நாங்கள் தேடியது இருந்தது.

மான் வேட்டைக்காரர்

ஏ01எம் 31/02 என்பது வேட்டைக்காரர் பதுங்கியிருந்து சுடும் பரண். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தில் பரண் கட்டுவதில்லை, பரணை முதுகில் கொண்டுபோகிறார்கள். இரண்டு சட்டம், ஒன்றில் இருப்பு, ஒன்றில் கால், மரத்தைச் சுற்றி வளையம். எழும்பி, இருந்து, எழும்பி, இருந்து மேலே போய் அங்கேயே உட்கார்ந்து மானுக்குக் காத்திருக்கிறார்கள். தம்பியின் கருவிக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், எங்கள் ஆட்கள் மேலே போவது கள்ளுக்கு. 1970கள், 80கள், 90களில் இந்தப் பரண்களுக்கு எத்தனையோ பேட்டன்ட்கள் எடுத்திருக்கிறார்கள். மேலே போகப் போக மரம் ஒடுங்குகிறது, தட்டு சரிகிறது என்ற அதே முறைப்பாடு அங்கேயும் பக்கம் பக்கமாக இருந்தது.

இங்கேதான் முழு உரை எவ்வளவு முக்கியம் என்று கண்டுகொண்டோம். வகுப்பெண்ணோடு சேர்த்து, ஸ்பிரிங், ஒடுங்குதல், தானாக இறுகுதல் என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொற்களை முழு உரையில் தேடும்படி கொடுத்தோம். ஏறுதல் என்பதற்கு வினையின் வேர்ச்சொல்லை மட்டும் எழுதிப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டால் ஏறு, ஏறி, ஏறுபவர் எல்லாம் சேர்ந்து வரும். நூற்றுக்கணக்கு இருபதுக்குள் இறங்கியது. அவற்றில் ஒன்று எங்களை நிறுத்தியது. தலைப்பு, எடுத்துச் செல்லக்கூடிய பரண். சுருக்கத்தில் ஸ்பிரிங் என்ற சொல்லே கிடையாது. அதன் உரிமைக்கோரிக்கைகளும், அதாவது எது தன்னுடையது என்று எடுத்தவர் சொல்லும் பகுதியும், இருக்கைத் துணியையும் மடிக்கும் முறையையும் பற்றியவை. ஆனால் விளக்கத்தின் நடுவில், இரண்டு பத்தியாக அச்சிட்ட அந்தப் பக்கத்தில், மரம் ஒடுங்கும்போது வளையத்தை இழுத்துப் பிடிக்க ஒரு சுருள்வில்லும் பின்னுக்கு நழுவாத பற்சக்கரமும் வைக்கலாம் என்று நாலு வரி.

அந்த நாலு வரியை நான் வாசித்துத் தமிழில் சொல்லும் முன்பே தம்பி படத்தில் விரலை வைத்துவிட்டார். பேட்டன்ட் படங்களில் ஒவ்வொரு பாகத்துக்கும் 10, 12, 14 என்று எண் போட்டு ஒரு கோடு இழுத்திருப்பார்கள். 38ஆம் எண்ணுக்குரிய பாகத்தைத் தொட்டு, "இது என்ர ரச்செட் அக்கா" என்றார். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், அவருக்கு இரும்பு வாசிக்கத் தெரியும். தனியே உட்கார்ந்திருந்தால் இரண்டு பேருமே அதைத் தாண்டிப் போயிருப்போம். தேடிக் கொடுக்கிறவரும் கருவி செய்தவரும் ஒரே திரைக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

படத்தை ஃபோட்டோ கொப்பி எடுத்துக் கொடுத்தேன். எடுக்கும்போது ஒரு விடயம் நினைவுக்கு வந்து சொன்னேன். இந்த ஃபோட்டோ கொப்பி மெஷினைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன், நியூயோர்க்கில் ஒரு கம்பனியின் பேட்டன்ட் பிரிவில் வேலை செய்தவர். பேட்டன்ட் ஆவணங்களுக்குப் போதிய பிரதி ஒருபோதும் கிடைக்காத அலுப்பில், நியூயோர்க் பொது நூலகத்தில் உட்கார்ந்து வாசித்து வாசித்தே வழி தேடினார். 1938இல் முதல் நகலை எடுத்தார், 1942இல் பேட்டன்ட் கிடைத்தது. தம்பி அப்போது இருந்த மனநிலையில் இது அவர் காதில் ஏறவில்லை.

செய்யலாம், சொந்தம் கொண்டாட முடியாது

"அப்ப நான் இதைச் செய்யவே ஏலாதோ?" என்றுதான் கேட்டார். எல்லோரும் கேட்பது இதைத்தான். பதிலை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

பேட்டன்ட் எடுக்கலாமா என்பது ஒரு கேள்வி. இலங்கையில் இதை ஆளுவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி ஆக்கம் புதியதாக இருக்க வேண்டும், அந்தத் துறை தெரிந்தவருக்கு வெளிப்படையாகத் தோன்றாத படி ஒன்று அதில் இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும். புதியது என்றால் கிளிநொச்சிக்குப் புதியது இல்லை. உலகத்தில் எங்கேனும், எந்த மொழியிலேனும், எழுத்தாலோ பேச்சாலோ பயன்பாட்டாலோ மக்களுக்கு வெளிப்பட்டிருந்தால் அது பழையது. காலாவதியான பேட்டன்ட்டும் பழையதுதான், முழுப் பரிசோதனை இல்லாமல் பதிவாகும் சீனச் சிறு பேட்டன்ட்டும் பழையதுதான், உரிமை கோராமல் விளக்கத்தில் விட்ட அந்த நாலு வரியும் பழையதுதான்.

செய்து விற்கலாமா என்பது வேறு கேள்வி. பேட்டன்ட் எந்த நாட்டில் எடுத்ததோ அந்த நாட்டில் மட்டும், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும். இலங்கையில் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 வருடம். அமெரிக்காவில் 1995 யூன் 8க்கு முன் விண்ணப்பித்தவைக்குப் பழைய கணக்கின்படி வழங்கிய நாளிலிருந்து 17 வருடம், இரண்டு கணக்கில் எது நீளமோ அது. இடையில் கட்டணம் கட்டாமல் விட்டதால் முன்கூட்டியே செத்தவையும் ஏராளம். இந்தக் கேள்விக்கு விளக்கத்தை விட்டுவிட்டு, கடைசியில் எண் போட்டு வரும் உரிமைக்கோரிக்கைகளையே வாசிக்க வேண்டும். அவற்றில் ஏதாவது ஒரு கோரிக்கையில் சொன்ன எல்லாப் பாகமும் உங்கள் கருவியில் இருந்தால்தான் மீறல்.

எங்கள் வேட்டைக்காரர் பரணுக்கு இலங்கையில் உரிமை எதையும் நாங்கள் காணவில்லை, அமெரிக்காவிலும் அதன் ஆயுள் முடிந்திருந்தது. ஆகவே தம்பி அதைத் தாராளமாகச் செய்யலாம். அந்தப் படத்தைப் பார்த்தே செய்யலாம். தன்னுடையது என்று மற்றவர்களைத் தடுக்கத்தான் முடியாது. இதைக் கேட்டதும் அவர் முகம் பாதி தெளிந்தது. கொஞ்ச நேரத்தில், தன் சட்டத்தில் இருந்த இன்னொரு கோளாறுக்கு, இறங்கும்போது பல் சிக்கிக்கொள்வதற்கு, அதே படத்தில் வழி இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு ஆள் வருடக்கணக்காகச் செய்து, பிழை விட்டு, திருத்திய வேலை, அளவோடும் படத்தோடும், சும்மா கிடக்கிறது. பேட்டன்ட் தேடலின் பெரிய லாபம் என்னைக் கேட்டால் இதுதான், உரிமை எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது. நாளைக்கு வெளிநாட்டுக் கம்பனி ஒன்று மரம் ஏறக் காலில் மாட்டும் எங்கள் தளைநாருக்கே பேட்டன்ட் எடுத்தால்? அமெரிக்காவில் 1995இல் மஞ்சள்தூள் காயம் ஆற்றும் என்பதற்குப் பேட்டன்ட் கொடுத்ததையும், இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் அதை எதிர்த்து 1997இல் ரத்துச் செய்வித்ததையும் சொன்னேன். வீட்டில் அம்மா பூசுவது என்ற வாய்ச் சொல் அங்கே எடுபடவில்லை. பழைய நூலும் 1953இல் வெளியான ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரையும் தேவைப்பட்டன. தளைநார் எப்படித் திரிப்பது, காலில் எப்படி மாட்டுவது என்று யாராவது படம் போட்டு எழுதி வைத்திருக்கிறார்களா என்று நானும் எங்கள் அலுமாரிகளில் பார்த்தேன். எங்கள் நூலகத்தில் இல்லை.

எந்த வாசலால் போவது

தளங்களைப் பற்றி என் அபிப்பிராயம். கைத்தொலைபேசியில் விரைவாகப் பார்க்கக் கூகுள் பேட்டன்ட்ஸ் நல்லது. 2006இல் அமெரிக்க ஆவணங்களோடு தொடங்கியது, இப்போது 100க்கு மேற்பட்ட அலுவலகங்களின் ஆவணங்கள் இருக்கின்றன. வகுப்பு வாரியாக ஒழுங்காகத் தேடவும், ஒரே ஆக்கத்துக்கு எந்தெந்த நாட்டில் விண்ணப்பம் போயிருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவும் ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பேஸ்நெட்தான். 15 கோடிக்கு மேல் ஆவணம், சதம் செலவில்லை. சீன, ஜப்பானிய உரைகளை ஆங்கிலத்துக்கு மாற்றியும் தரும். தமிழ் அந்த வரிசையில் இல்லை. உலகப் புலமைச் சொத்து நிறுவனத்தின் பேட்டன்ட்ஸ்கோப், சர்வதேச விண்ணப்பங்களுக்கு. இந்திய ஆவணங்களுக்கு இன்பாஸ். தென்னை, பனை, நெல், கச்சான் என்றால் இந்தியாவைப் பார்க்காமல் விடக்கூடாது, எங்கள் தொழில்களுக்கு அண்டை வீட்டுக்காரர் அவர்கள்தான். ஆவணங்களோடு ஆய்வுக் கட்டுரைகளையும் சேர்த்துப் பார்க்க, அவுஸ்திரேலியாவிலிருந்து நடக்கும் த லென்ஸ்.

பழைய அமெரிக்க ஆவணங்களில் ஒரு கவனம் வேண்டும். 1976 முதல் வந்தவைதான் தொடக்கத்திலிருந்தே சொல்வாரியாகத் தேடக்கூடிய எழுத்து வடிவில் இருந்தன. அதற்கு முந்தியவை வெறும் படம். எண்ணாலோ தேதியாலோ வகுப்பாலோதான் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு கணினியைக் கொண்டு எழுத்தாக்கினார்கள், அதில் எழுத்துப்பிழை மலிந்திருக்கும். சொல் அகப்படாவிட்டால் ஆவணம் இல்லை என்று எண்ணக்கூடாது. இன்னும் பின்னே போனால் ஆவணமே கிடையாது. 1836 டிசம்பரில் வாஷிங்டன் பேட்டன்ட் அலுவலகம் எரிந்து, ஏறக்குறைய 10,000 பேட்டன்ட்கள் போயின. கண்டுபிடித்தவர்களின் வீடுகளில் இருந்த பிரதிகளைத் தேடி வாங்கி 2,800 வரை மீட்டார்கள். யாழ்ப்பாண நூலகத்தின் கதை தெரிந்தவர்களுக்கு அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

நூலகத்துக்கு வந்து பேட்டன்ட் பார்ப்பதும் புதிய பழக்கம் அல்ல. லண்டனில் பேட்டன்ட் அலுவலக நூலகத்தை 1855இலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1871 முதல் ஊர் நூலகங்களுக்கு அச்சிட்ட ஆவணங்களை அனுப்பினார்கள். அங்கே தேடப் பழக்கிவிடுகிற நூலகர்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்களிடம் ஆவணம் வைக்க அலுமாரி தேவையில்லை. ஒரு கணினி, இணைப்பு, இரண்டு மணித்தியாலம் போதும். அன்றைக்குக் கரண்ட் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இலங்கைப் பதிவுகளை மட்டும் இந்தத் தளங்களை நம்பி முடிவு கட்ட நான் விரும்பவில்லை. கொழும்பில் இருக்கும் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் கேட்பதுதான் முறை. நாங்கள் எடுத்த வகுப்பெண்களையும், பார்த்த ஆவணங்களின் எண்களையும், தேடிய தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துத் தம்பியை இரவு பஸ்ஸில் அனுப்பினேன். தேடிய தேதியை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. விண்ணப்பங்கள் பெரும்பாலும் முதல் தேதியிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். போன வருடம் யாராவது போட்ட விண்ணப்பம் இன்றைக்கு எவர் தேடினாலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

வீடியோ

கடைசியாகத்தான் எனக்கு அது உறைத்தது. முதல் நாள் அவர் காட்டிய வீடியோ எங்கே இருந்தது? பேஸ்புக்கில். எப்போது போட்டது? தைப்பொங்கலுக்கு மறுநாள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது பற்றிக் கேள்வியில்லை, யாரும் பார்க்கலாம் என்று வெளியே விட்டாலே அது வெளியீடு. அவருடைய ஆக்கத்துக்கு அவரே முந்திய சான்றாகிவிட்டார். எங்கள் சட்டம் இதில் கொஞ்சம் இரக்கமானது. விண்ணப்பித்தவர் தானே வெளியிட்டது, விண்ணப்பத் தேதிக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் நடந்திருந்தால் கணக்கில் எடுப்பதில்லை. ஐரோப்பாவில் அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. வீடியோவை உடனே எடுக்கச் சொன்னேன், ஆனால் எடுத்தாலும் வெளியிட்டது வெளியிட்டதுதான். அடுத்த பொங்கல் என்று கொப்பியில் சிவப்பு மையால் எழுதிக்கொண்டோம்.

பூநகரி

கொழும்பிலிருந்து வந்த பிறகு, திருத்திய சட்டத்தைப் பூநகரியில் ஏற்றிப் பார்க்கப் போனார்கள். நானும் போனேன். மாமாவின் கூட்டாளி, 60 வயது தாண்டிய சீவல்காரர் ஒருவர், சட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஏறினார், இறங்கினார். வளையம் நன்றாகவே இறுகியது. பிறகு தளைநாரைக் காலில் மாட்டி அதே மரத்தில் ஏறி, மேலே கட்டியிருந்த கள்ளு முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். அதுவரைக்கும் தம்பி சட்டத்தின் பூட்டைக் கழற்றி முடிக்கவில்லை.

"தம்பி, நான் விடியவும் பின்னேரமும் இருபது மரம் பாக்கிறவன். இதைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் நடக்க ஏலாது. இது சீவுறவனுக்கு இல்லை. நுங்கு வெட்ட ஆள் கிடைக்காமல் நிக்கிறவனுக்கு நல்லது" என்றார். சொல்லிவிட்டு மேல் சட்டத்தைக் காட்டி, "இதில முட்டி கொளுவ ஒரு இடம் இருந்தா, பழகிற பெடியளுக்குக் குடுக்கலாம். ரெண்டு கையும் பாளைக்கு வேணும்" என்றார்.

தம்பி அந்த இடத்திலேயே ஒரு கம்பித் துண்டை வளைத்துப் பார்த்தார். சட்டம் சரிந்தாலும் முட்டி சரியாமல் நிற்கிற ஒரு கொக்கி. இந்த முறை முதலில் நான் கொப்பியை எடுத்தேன். இது என்ன வேலை செய்கிறது என்று கேட்டு, பெயரைப் போடாமல் அந்த வேலையை மட்டும் எழுதினேன்: ஏறும் சட்டத்தில் தொங்கும் பாத்திரத்தை, சட்டம் எந்தப் பக்கம் சரிந்தாலும் நிமிர்ந்து நிற்கச் செய்வது. ஏ63பி 27உம் ஏ01ஜி 23/10உம் பார்த்தாயிற்று. பெயின்ற் வாளியை ஏணியில் கொளுவுகிறவர்கள் ஈ06சி பிரிவில் இருக்கிறார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை பின்னேரம் அங்கே தொடங்குகிறோம்.